மீராள் மச்சியின் படிக்கம்

நான் மருந்து குடித்தது உயிர்மேல் இருந்த ஆசையால் இல்லை. மீராள் மச்சி எனக்கு முன்னால் மௌத்தாக வேண்டும், அவள் சாவை நான் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தப் பொடியைக் குடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கசப்பும் உவர்ப்புமாகத் தொண்டையில் இறங்கி, வயிற்றைக் கடைந்து எடுத்துவிடும். நல்ல நல்ல ஆண்பிள்ளைகளே அதை வாங்கிக்கொண்டு போய் ரயில் ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவார்கள். பாம்பனில் என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் சதக்கத்துல்லா, தன் வீட்டுக் கொல்லையில் எனக்கென்று ஒரு ஓலைக் கொட்டகை போட்டுத் தந்திருந்தார். அதில் உட்கார்ந்து பிஸ்மில்லா சொல்லி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவேன். குமட்டிக்கொண்டு வரும். உடனே மீராள் மச்சியின் முகத்தை நினைப்பேன். மடமடவென்று உள்ளே போய்விடும். மூன்று வருஷம் அப்படித்தான் குடித்தேன்.

மீராள் என் வீட்டுக்காரர் ஹமீது சுல்தானுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தேவிபட்டினத்தில் தகப்பன் வீட்டோடு தங்கிவிட்டாள். தம்பிக்குக் கொழும்பில் கடை. வருஷத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மீராள் வைத்ததுதான் சட்டம். தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் அவளிடம்தான் குர்ஆன் ஓத வருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பயந்துகொண்டது என்றாலும் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடிவருவார்கள். அவள் ஓதி, தண்ணீரில் மூன்று தடவை ஊதிக் கொடுப்பாள். அவள் தெருவில் வந்தால் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டுப் போன அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் சஹனில் சாப்பிட்டோம். பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைப்பது எங்கள் வழக்கம். மச்சி நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்து என் பக்கம் தள்ளினாள். இப்படி ஒரு நாத்தனார் யாருக்கு வாய்க்கும் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் தன் படிக்கத்தையும் என் பக்கம் தள்ளினாள்.

அவள் வெற்றிலை எச்சில் துப்பும் பித்தளைப் பாத்திரம் அது. மூடி போட்டது. அதை வேலைக்காரி தொடக்கூடாது, வீட்டுக்கு வந்த மருமகள்தான் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவைக்க வேண்டும் என்றாள். நானும் பெரிய மனுஷிக்குச் செய்யும் பணிவிடை என்று நினைத்துக் காலையும் மாலையும் வெறுங்கையால் கழுவினேன். அவளுக்கு எப்போதும் இருமல் உண்டு. அதற்கு அந்த வீட்டில் 'இரைப்பு' என்று பெயர். ஓதி ஓதித் தொண்டை நொந்துபோனதால் வந்த இரைப்பாம்.

அதே இருமல் எனக்கு வந்தபோது அதன் பெயர் க்ஷயம் ஆகிவிட்டது.

மகள் காலிதாவுக்கு நாலு வயது அப்போது. எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் வேர்வை. ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். ஒருநாள் காலையில் கிணற்றடியில் இருமினேன், இரத்தமாக வந்தது. மீராள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றாள்.

"பாம்பன்ல இருந்து சீரோட சேர்த்து இதையும் கட்டிக்கிட்டு வந்துருக்கா பாரு" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

அன்றோடு எனக்கு சஹன் இல்லை. ஒரு மண்சட்டியில் சோற்றைப் போட்டு, ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். என் பாயையும் தலையணையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். கொழும்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்று, அக்காள் பக்கம் கையைக் காட்டி, "லாத்தா சொல்றதுதான் சரின்னு படுது மஜீதா" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஆட்டைப் பார்த்துச் சொன்னார்.

காக்கா வந்து என்னை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது காலிதா என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மீராள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"புள்ளை இங்கன கெடக்கட்டும். உன் மூச்சு அது மேல படப்படாது. நான் ஓதவச்சு ஆளாக்குறேன். நீ போயி, உனக்கு எழுதுனபடி இரு."

எழுதினபடி இரு என்றால் செத்துப் போ என்று அர்த்தம். நான் சாகவில்லை.

என் இடது நெஞ்சில் ஒரு பொத்தல் இருப்பதாக டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். முதலில் ஊசி போட்டார்கள். ஊசியில் தலை சுற்றியது. ஒரு பக்கக் காதில் எந்நேரமும் சில்வண்டு கத்துவதுபோல ஒரு இரைச்சல் வந்து தங்கிவிட்டது. பிறகு பொடியும் மாத்திரையும். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "இது ஒரேயடியாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன்மா. தூங்கவைக்கலாம். மருந்தை விட்டா முழிச்சுக்கும். முழிச்சா முன்னவிட மோசமா எந்திரிக்கும்."

அதனால் அதைத் தூங்கவைப்பதே எனக்குத் தொழிலாகிவிட்டது. சளியை மூடிபோட்ட தகர டப்பாவில் துப்பி, அடுப்பில் போட்டு எரிப்பேன். என் தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் கொதிக்கவைப்பேன். காக்கா பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் வந்தால் நானே விரட்டுவேன். சுறா எண்ணெய் நாறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். முட்டை தின்பேன், பால் குடிப்பேன், மத்தியானம் படுத்தே கிடப்பேன். கடற்காற்றில் வெளியில் கட்டில் போட்டு உறங்குவேன். சில மாதம் சளியில் ஒன்றும் இல்லை என்பார்கள், சந்தோஷப்படுவேன். அடுத்த மழைக்குக் காய்ச்சல் திரும்பும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். செத்துவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் மீராள் என் மகளின் விரலைப் பிரித்தது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

தனுஷ்கோடியில் கப்பலைவிட்டு இறங்கி ரயிலேறும் கொழும்புக்காரர்கள் பாம்பனைத் தாண்டித்தான் ஊருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நோன்புக்கும் என் வீட்டுக்காரர் அந்த ரயிலில்தான் வந்தார். ரயில் பாம்பனில் நிற்கத்தான் செய்தது. அவர்தான் இறங்கவில்லை.

மூன்றாவது வருஷம் நோன்பு மாதத்தில் மருந்து வாங்க ராமநாதபுரம் போயிருந்தேன். எனக்கு நோன்பு கிடையாது. மருந்து குடிக்கும் நோயாளி. சளிப் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சம்சாரி, வாய் நிறைய வெற்றிலை. கிண்ணத்தில் துப்பிக்கொண்டு போய் நர்ஸ் ராமலெட்சுமியிடம் நீட்டினார். அவருக்கு நல்ல பாட்டு விழுந்தது.

"ஏன்யா பெரியவரே, வெத்தலையக் குதப்பிக்கிட்டே வந்து துப்புனா, எது சாறு, எது ரத்தம்னு நான் என்னத்தக் கண்டேன்? போங்க, வாயக் கொப்பளிச்சுட்டு நல்லாக் காறித் துப்புங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் வருஷத்து நோன்பு ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன்னால் படிக்கத்தைத் துலக்கி மீராளின் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பகல் முழுக்க நோன்பு. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு படிக்கத்தை எடுத்து மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பு. அந்த மாதம் முழுக்கப் பல நாள் அப்படி இருந்தது. அடப்பாவி, ஊருக்கெல்லாம் ஓதிக்கொடுத்துவிட்டு இவள் அறைக்குள் திருட்டுத்தனமாக வெற்றிலை போடுகிறாளே என்று நினைத்தேன். குடும்பத்து மானம் என்று யாரிடமும் மூச்சுவிடாமல், சத்தம்போடாமல் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு முஸ்லிம் பெண் நோன்பு நேரத்தில் படிக்கத்தில் சிவப்பைப் பார்த்தால் அவளுக்குப் பாவம்தான் ஞாபகத்துக்கு வரும். நோய் ஞாபகத்துக்கு வராது.

அது வெற்றிலை இல்லை.

வேலைக்காரி அதை ஏன் தொடக்கூடாது, அதற்கு மூடி எதற்கு, வருஷத்துக்கு வருஷம் அவள் வெற்றிலை போடுவது ஏன் கூடிக்கொண்டே போனது, எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நான் பாம்பனிலிருந்து சீக்கைக் கொண்டுபோகவில்லை. அவளிடமிருந்து என் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

என் முறை வந்ததும் ராமலெட்சுமியிடம் கேட்டேன். "ஏங்க, ரத்தமாத் துப்புறவுக மருந்தில்லாம ரொம்ப நாளு இருப்பாகளா?"

"சிலபேரு பத்து வருஷங்கூட நடமாடுவாக. கூட இருக்கிறவுகளுக்குத்தான் வினை. பக்கத்துல சின்னப் புள்ளைக இருந்தா அவ்வளவுதான்" என்றாள்.

பாம்பன் ரயிலுக்குப் போகவில்லை. தேவிபட்டினம் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போகாமல் கொல்லை வழியாகப் போனேன். கிணற்றடியில் காலிதா குந்தியிருந்தாள். ஏழு வயது. உயரமாகியிருந்தாள். தலை குனிந்து மும்முரமாகப் புளியைப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் படிக்கம், இன்னும் மூடி திறக்கவில்லை. அடுத்து மூடியைத் திறந்து அதில் கையை விடப் போகிறாள்.

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைக் கொன்றது போதாது என்று என் பிள்ளையையும் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள்.

"தொடாதே!" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முதலில் யாரென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. "உம்மா" என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கட்டிக்கொள்ள ஓடிவந்தவளைக் கை நீட்டித் தள்ளி நிறுத்தினேன். "உம்மா மேல சாயாதே. மொத கையைக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு." மூன்று வருஷத்துக்குப் பிறகு பெற்ற மகளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். அதையும் மீராள் கணக்கில்தான் எழுதினேன்.

படிக்கத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன்.

அஸர் முடிந்த நேரம். நோன்பு மாதத்தில் அந்த நேரத்துக்குத் தெருப் பெண்கள் அங்கே கூடி ஓதுவார்கள். வெள்ளைத் துப்பட்டியை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு மீராள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்னால் நாலைந்து டம்ளர்களில் தண்ணீர், ஊதுவதற்கு. அடுத்த வீட்டு நூர் நிஷா மடியில் தன் பையனை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பெண்கள் துப்பட்டியால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். நகரட்டும்.

"நீ எங்கன வந்தே? நோன்பில்லாதவளுக்கு ஓதுற எடத்துல என்ன சோலி?" என்றாள் மீராள்.

"எனக்கு நோன்பில்ல மச்சி. நான் சீக்காளி, அல்லாவே விட்டுக்குடுத்துட்டான். நீங்க நோன்பா?"

"இதென்னடி கேள்வி? ஏழு வயசுல இருந்து ஒண்ணு விட்டதில்ல."

"இன்னைக்கும்?"

"இன்னைக்கும்தான்."

படிக்கத்தை ஓதும் பாய்க்கு நடுவில் வைத்து மூடியை எடுத்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நூர் நிஷா "யா அல்லாஹ்" என்றாள்.

"காலையில தொலக்கி வச்ச படிக்கம். பகல் பூரா நோன்பு. இது என்ன மச்சி?"

வாசலில் நிழலாடியது. பள்ளிவாசலிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர். சத்தம் கேட்டு வாசல் நடையிலேயே நின்றுவிட்டார். அவருக்கு நிற்பதற்கு எப்போதும் ஒரு நடை கிடைத்துவிடும்.

மீராள் படிக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்டுகொண்டேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு நான் வைத்தது இரண்டே வழி. இரத்தம் என்றால் நோய் அவளுடையது. வெற்றிலை என்றால் நோன்பை முறித்துவிட்டு ஊரை ஏமாற்றினவள். எதில் போனாலும் வெளியே நான் நிற்பேன்.

"வெத்தலைதான்" என்றாள்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தலை சுத்துச்சு. ஷைத்தான் கெடுத்துட்டான். ஒரு சுருள் போட்டேன். அல்லா மன்னிக்கணும்."

நோன்பு வாயால், குர்ஆனுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னாள். அவள் ஏன் அந்த வழியில் போனாள் என்று எனக்குத் தெரியும். பாவி என்றால் அழுது தவ்பா செய்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஊரோடு சேர்ந்துகொள்ளலாம். நோயாளி என்றால் ஆட்டுக்கொட்டிலில் மண்சட்டி. நோயாளியை எங்கே வைப்பார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வைத்தவளே அவள்தானே.

"நல்லது மச்சி" என்றேன். "ஓதவச்சு ஆளாக்குறேன்னுதான் எம் புள்ளையப் புடிச்சு வச்சீங்க. நோன்பு வச்சுக்கிட்டுத் திருட்டு வெத்தலை போடுறவ கிட்ட எம் புள்ளை ஓத வேணாம். கூட்டிட்டுப் போறேன்."

நடையில் நின்றவர் பக்கம் திரும்பினேன். "நாளைக்கு ராமநாதபுரத்துல அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கணும். வாரதுன்னா வாங்க. வராட்டியும் ஒண்ணும் கொறையாது. தடுக்கிறதுன்னா இந்தச் சபையில வச்சே தடுங்க."

அவர் அக்காளைப் பார்த்தார். படிக்கத்தைப் பார்த்தார். "லாத்தா..." என்றார். அதற்குமேல் வரவில்லை.

நூர் நிஷா எழுந்தாள். தன் டம்ளரை எடுத்தாள், தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள், பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். என்னைக் கடக்கும்போது நான் குரலைத் தாழ்த்தி, "உன் மகனையும் ராமநாதபுரம் கூட்டிட்டுப் போ. நான் சொன்னேன்னு வச்சுக்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமாகப் போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் அவரவர் டம்ளரை எடுத்தார்கள். முற்றம் நனைந்துபோனது. சரியாக அதைத்தான் நான் பார்க்க வந்தேன். கண்குளிரப் பார்த்தேன்.

காலிதாவின் துணிகளைக் கேட்கவில்லை. அந்த வீட்டுத் துணி எனக்கு வேண்டாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு யாரோ வரும் சத்தம். மீராள். நடந்து வந்ததற்கே அவளுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. கூடத்தில் இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டுவிடாமல் கதவோடு ஒட்டி நின்று, ஆயுசில் என்னிடம் பேசாத ஒரு குரலில் கேட்டாள்.

"மஜீதா... அந்த மருந்து... எங்கன கெடைக்கும்?"

மூன்று வருஷம் கசந்து கசந்து நான் குடித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் என்று தோன்றியது. அவள் சாக வேண்டும் என்று நினைத்தேனே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"என்ன மருந்து மச்சி?" என்றேன். கூடத்துப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே கேட்டேன். "வெத்தலைக்கு ஏது மருந்து?"

அவள் முகம் வெளிறியது. நான் உடனே போய்விடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன். ஒரு வார்த்தைதான். இரத்தம் என்று அவள் வாயால் சொல்லட்டும், நானே கையைப் பிடித்து ராமநாதபுரம் கூட்டிப்போய் ராமலெட்சுமிக்கு முன்னால் உட்காரவைக்கிறேன். அல்லாஹ் அறிய அப்படித்தான் நினைத்தேன். மீராள் வாயைத் திறந்தாள். கூடத்தில் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே போய்விட்டாள்.